சொந்தத்தில் வேண்டாம்

18 நவம்பர் 2024, திங்கள்

இன்றைக்கும் இடித்துக்கொண்டேன். டியூஷன் முடிந்து வரும்போது தேவம்மா வாசலில் ஸ்கூட்டர் நின்றிருக்கிறது. முழங்காலில் தோல் போய்விட்டது. தேவம்மா கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் ஓனர். பார்த்து நடக்கக் கூடாதா என்று கன்னடத்தில் ஒரு கத்து கத்தினார். பார்த்துத்தான் நடந்தேன். அதுதான் பயமாக இருக்கிறது.

யாரிடமாவது சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம். அப்பா, அம்மா, மாமா எல்லாரும் எங்கள் சொந்த ஊரான ஹனூரில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் மட்டும்தான் மாநில எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டில் இருந்து ஐந்தாவது வரை தமிழ் படித்தேன். அம்மா இதைக் கண்டெடுத்தாலும் வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடலாம்.

எல்லாரும் தூங்கிய பிறகு குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே நல்ல பல்பு இங்கேதான்.

24 நவம்பர், ஞாயிறு

ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். நல்ல நாள்.

சீனு மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். ஹெப்பாளில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். ஞாயிறு பஸ் கழுவப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். இன்றைக்கு எஞ்சினை அணைத்து வைத்து கியர் போடச் சொல்லிக் கொடுத்தார்.

"க்ளட்ச்ச முழுசா மிதி புள்ள. அரைகுறையா மிதிச்சா வண்டி அழுவும்."

"அழுதா நீ சமாதானம் பண்ணு மாமா."

"நான் பண்ணுவேன். பஸ் ஓனர் என்னைப் பண்ணமாட்டான்."

பள்ளியில் டீச்சர் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டபோது பஸ் டிரைவர் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். நாளைக்கு அவர்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்து என் பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

3 டிசம்பர், செவ்வாய்

சாயங்காலம் கரண்ட் போனது. அம்மா மெழுகுவத்தி கேட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிய மாதிரி இருந்தது. ஆனால் அனு எழுந்து போய், அலமாரியைத் திறந்து, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் எடுத்து வந்துவிட்டாள். அனுப்ரியா என் தங்கை. எட்டு வயது.

"எப்படிடி எடுத்தே?"

"அங்கதானக்கா இருந்துச்சு. தெரியுதல்ல?"

தெரிகிறதாம். கரண்ட் போனால் எல்லாருக்கும் ஒன்றுமே தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் தைரியமாக நடக்கிறவர்கள் எல்லாம் என்னைப் போல வழியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் என்ன?

15 டிசம்பர், ஞாயிறு

அம்மா தலை பின்னும்போது சொன்னாள். பத்தாவது பரீட்சை முடிந்ததும் ஹனூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து எனக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வார்களாம். மாப்பிள்ளை சீனு மாமா.

திரும்பப் பார்த்தேன். ஜடை அம்மா கையில் இருந்ததால் திரும்ப முடியவில்லை.

"கண்ணாலம் இப்ப இல்ல சாமி. பதினெட்டு ஆகோணும், எனக்குத் தெரியாதா? இப்பப் பூ மட்டும். அதுக்கப்புறம் ஊட்டுலயே இருந்து சமையல் பழகு."

"நான் காலேஜ் போவோணும்." இங்கே பத்தாவதுக்கு அடுத்து காலேஜ்தான்.

"போயி? பஸ் ஓட்டப் போறியா?"

"ஆமா."

முதுகில் ஒரு அடி. செல்ல அடிதான். பிறகு அம்மா தன் கதையைச் சொன்னாள். அப்பா அம்மாவின் சொந்தத் தாய்மாமன். அம்மா இன்றைக்கும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். "நான் கட்டிக்கிட்டு என்ன கெட்டுப் போச்சு? ஒரு நாளு கையை நீட்டியிருப்பாரா உங்கப்பன்? சொந்தமுன்னா குறையே பாக்காதுடி."

குறை பார்க்காது. அதைக் கேட்டதும்தான் புரிந்தது. என் கண் விஷயம் தெரிந்தால் அம்மா இன்னும் அவசரப்படுவாள். கண்டிப்பாக மறைக்க வேண்டும்.

மாமா நல்லவர். ஆனால் அவர் என் மூக்கைச் சிந்திவிட்ட மாமா.

14 ஜனவரி 2025, செவ்வாய்

சங்கராந்தி. தேவம்மா எள்ளும் வெல்லமும் கொடுத்தார். கம்பெனி லீவு, ஷெட்டில் யாரும் இல்லை என்று நினைத்தோம். மாமாவைக் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு தடவை. ஃபர்ஸ்ட் கியர். அந்தச் சுவர் வரைக்கும்."

"எங்கக்காளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுபோடுவா."

"தெரியாது."

பஸ் நகர்ந்தது. நான் நகர்த்தினேன். அவ்வளவு பெரிய பஸ் என் காலுக்குக் கட்டுப்பட்டு, மெதுவாக, யானை மாதிரி நடந்தது.

பிறகு மாமா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். டமார் என்று சத்தம். கிளீனர் மாதப்பன் இடது பக்கம் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் குதித்துவிட்டார். அவருடைய வாளி குதிக்கவில்லை.

"ஏய் சீனு! மூணு கொழந்தைக்கு அப்பன்டா நானு! காளி கோயில் தேரா இது, கண்ண மூடிட்டு இழுக்கறதுக்கு?"

மாமா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். "அந்தாளு அத்தனை ஒசரம். செவப்புச் சட்டை வேற. தெரியலயா?"

"கவனிக்கல."

என் முகத்துக்குப் பக்கவாட்டில் கையை நீட்டினார். "நேராப் பாரு. எத்தனை வெரலு?"

கை இருப்பதே தெரியவில்லை. மூன்று என்று சொன்னேன்.

மாமா கையை இறக்கினார். அவர் விரலே காட்டவில்லையாம். கையை மூடித்தான் வைத்திருந்தாராம்.

16 ஜனவரி, வியாழன்

மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டியதைச் சொல்லவில்லை. கண்ணை மட்டும் சொன்னார்.

26 ஜனவரி, ஞாயிறு

மாலைக்கண் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். ஆட்டு ஈரல். மறுநாள் முருங்கைக்கீரை. மறுநாள் ஈரல். பப்பாளி. கேரட். திரும்ப ஈரல். தேவம்மா தன் பங்குக்குப் பொன்னாங்கண்ணியைத் தலையில் தேய்த்துவிட்டுப் போனார். தட்டைப் பார்த்தாலே ஆடு என்னைப் பார்த்துக் கத்துகிற மாதிரி இருக்கிறது.

அனு கேட்டாள், "எனக்கும் மாலைக்கண்ணு வருமா? ஈரல் நல்லாருக்குதே."

எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டேன்.

6 பிப்ரவரி, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. அப்பா கம்பெனியில் லீவு சொல்லி வந்தார். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் வாட்ச்மேன்.

இருட்டு அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். விளையாட்டு மாதிரிதான் இருந்தது. நாலைந்து தடவை அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து நர்ஸிடம் கேட்டேன், "நின்னுபோச்சா?"

"இல்லம்மா. வந்துட்டே இருக்கு," என்று கன்னடத்தில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

டாக்டர் ஒரு பெண். அப்பா அம்மாவைப் பார்த்து, நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. ஆமாம், என் சொந்தத் தாய்மாமன்தான், எங்கள் வீட்டில் பெண்ணை வெளியில் கொடுப்பதே இல்லை, என் அப்பா அம்மாவும் அத்தை மகன் மாமன் மகள்தான் என்று கன்னடத்தில் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் ஒரு தாளில் வட்டமும் கட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். கோடுகள் போய்ப் போய் வந்த இடத்துக்கே வந்தன. கூடை முடைந்த மாதிரி இருந்தது.

இது ஈரலில் சரியாகிற மாலைக்கண் இல்லையாம். கண்ணுக்குள் இருக்கும் திரை ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய்கிறது. ஒரே குறை அப்பாவிடமும் அம்மாவிடமும் வெளியே தெரியாமல் இருந்து, இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெளியில் கல்யாணம் செய்தவர்களுக்கும் வரலாம். சொந்தத்தில் செய்தால் வாய்ப்பு அதிகம். மருந்து இப்போது இல்லை. ஆனால் நடுப்பார்வை பல வருடம் நிற்கலாம், நன்றாகப் படி, வருடா வருடம் வந்து காட்டு என்றார்.

நான் கேட்டேன், "வண்டி ஓட்டலாமா?"

"வேண்டாம்மா. சைக்கிள்கூட ரோட்டுல வேண்டாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் வாய் ஓயாத அம்மா.

7 பிப்ரவரி, வெள்ளி

பஸ் ஓட்ட மாட்டேன். எழுதிப் பார்த்தேன். எழுதினாலும் நிஜமாகத்தான் இருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

மாமா ஷெட்டுக்குக் கூப்பிட்டார். படிக்கணும் என்று சொன்னேன். அவர் போன பிறகு அழுதேன். என்ன பெரிசா கேட்டேன்? டாக்டரா ஆவோணும்னு கேட்டேனா, ராணியா ஆவோணும்னு கேட்டேனா? ஒரு பஸ்ஸு. நாற்பது பேரை ஏத்தி பத்திரமா கொண்டுபோய் விடற ஒரு பஸ்ஸு. அதுகூட எனக்கு இல்லைன்னா அப்புறம் என்னதான்…

நாளை கணக்கு முன்தேர்வு. படிக்கப் போகிறேன். எழுத்து தெரிகிறது. எழுத்து தெரிகிற வரைக்கும் படிப்பேன். அழுவதற்கு வெளிச்சம் தேவையில்லை, அதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

2 மார்ச், ஞாயிறு

அம்மா வாயைத் திறந்தாள். நான் பயந்ததேதான்.

"இப்பச் சீனுதான் கட்டிக்கோணும். வெளிய யாருடி உன்னைக் கட்டுவா? என்ற தம்பியின்னா உன்னை உக்கார வெச்சுச் சோறு போடுவான்."

டாக்டர் சொன்னதை அம்மா மறக்கவில்லை. எனக்குத் தெரியும். அன்றையிலிருந்து அனு இருட்டில் நடந்தால் அவளையே பார்க்கிறாள். வேண்டுமென்றே சாமி விளக்கை அணைத்துவிட்டு, "அனு, அந்தச் சொம்பை எடு," என்கிறாள். அனு எடுத்துக் கொடுத்ததும் மூச்சு விடுகிறாள். எல்லாம் தெரிந்தும் இதைச் சொல்கிறாள்.

என்ன சொன்னாலும், உன் கல்யாணத்தால்தான் எனக்கு இப்படி ஆனது என்று சொல்வது போல் ஆகிவிடும். அம்மாவை எப்படி அப்படிச் சொல்வது?

21 மார்ச், வெள்ளி

பரீட்சை தொடங்கியது. கன்னடம் சுலபம். ஜன்னல் பக்கத்து பெஞ்ச் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவையாக ஒரு டீச்சரிடம் காரணத்தைச் சொன்னேன். "சரி, அங்கே உக்காரு," என்றார். இவ்வளவுதானா?

6 ஏப்ரல், ஞாயிறு

பரீட்சை முடிந்துவிட்டது. இருபதாம் தேதி பூ வைக்க வருகிறார்களாம்.

மொட்டைமாடியில் மாமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டேன்.

"மாமா, என்னைக் கட்டிக்க உனக்கு ஆசையா?"

கையில் இருந்த லுங்கியை மூன்று தடவை உதறினார். "அக்கா சொல்றா."

"அக்காவைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

"உன்னை எப்படிப் புள்ள உட்டுட்டுப் போறது? பாவமா இருக்குது."

"பாவம் பாத்து யாராச்சும் கண்ணாலம் பண்ணுவாங்களா? பாவமா இருந்தா ஐஸ்கிரீம் வாங்கிக் குடு."

சிரித்துவிட்டார். பிறகு கண் கலங்கியது. அவருக்குப் பதினோரு வயதில் அம்மா இல்லாமல் போய், என் அம்மாதான் கூட்டிவந்து வளர்த்தாள். "எங்கக்கா பேச்சை ஒரு நாளும் தட்டுனதில்ல. என்னால முடியாது புள்ள."

"நீ தட்ட வேண்டாம். நான் தட்டறேன். உங்கிட்ட வந்து கேட்டா உண்மையச் சொல்லு. அது போதும்."

கீழே வந்த பிறகும் நம்பமுடியவில்லை. நான்தான் பேசினேனா?

18 ஏப்ரல், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சோறு போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை முழம் மல்லிகை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எனக்குப் பூ வேண்டாம்மா. மாமாவைக் கட்டிக்க மாட்டேன். நான் காலேஜ் போறேன்."

"வாயை மூடிட்டுத் தின்னு."

"மாமாவும் மாட்டேங்குது. கேளு."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு, "என்ற கையில வளந்த புள்ளக்கா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். போதும்.

அம்மா எழுந்துவிட்டாள். கரண்டி கையில் இருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப நாந்தான் உன்ற கண்ணைக் கெடுத்தேன். அதைத்தானே சொல்றே? சொல்லுடி. உங்கப்பனைக் கட்டி உன்ற கண்ணைக் கெடுத்துப்போட்டேன், அதானே?"

இரண்டு மாதமாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதை அம்மாவே எடுத்துப் போட்டுவிட்டாள். அதன் பிறகு பயப்பட ஒன்றும் இல்லை.

"நீ கெடுக்கலம்மா. உங்களுக்குத் தெரியாது, நடந்துபோச்சு. இப்பத் தெரியும். தெரிஞ்சே பண்ணாத."

அனு அப்பளத்தைக் கடித்தாள். அந்தச் சத்தம் வீடு முழுவதும் கேட்டது.

அப்பாதான் பேசினார். எங்கள் வீட்டில் அப்பா பேசுவது அபூர்வம். "இவளைப் பெத்த எங்கக்கா ஒரு வார்த்தை சொன்னா, நான் தாலி கட்டினேன். எங்கிட்டயும் ஆரும் கேக்கல. இந்தப் புள்ளையாவது சொல்லட்டும்."

அம்மா கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினாள். "கேட்டிருந்தா வேண்டாமுன்னிருப்பீங்களா மாமா?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சரீன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாக் கேட்டிருக்கலாம்."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

19 ஏப்ரல், சனி

அம்மா ஹனூருக்குப் போன் செய்தாள். எனக்கு அம்மை போட்டிருக்கிறதாம், யாரும் வர வேண்டாமாம். வேப்பிலை வரைக்கும் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இன்னும் வரவில்லை. பரவாயில்லை. எனக்கே வர இத்தனை நாள் ஆனது.

2 மே, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. டிஸ்டிங்ஷன்! தேவம்மா மைசூர்பாக் கொண்டுவந்து என் வாயில் திணித்தார். அப்பா காலேஜ் எது என்று கேட்டார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சாயங்காலமே எனக்கு இரண்டு சுடிதார் துணி எடுத்து வந்தாள். இரண்டும் பச்சை. அவளுக்குப் பிடித்த நிறம்.

15 மே, வியாழன்

அனுவுக்குக் கண் பரிசோதனை. அம்மாவே கேட்டு அழைத்துப்போனாள். நான் அனு பக்கத்தில் நின்று, பொத்தானை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். டிக், டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு வராத வெளிச்சம் எல்லாம் அவளுக்கு வந்துகொண்டே இருந்தது. பொறாமைப்படுவேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு டிக்குக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. என் கை வியர்த்துவிட்டது.

9 ஜூன், திங்கள்

காலேஜ் தொடங்கி ஒரு வாரம். காமர்ஸ். இன்று லைப்ரரியில் நேரமாகிவிட்டது. எங்கள் மெட்டகள்ளி ஸ்டாப்பில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. முன்பு என்றால் யாருடைய வெள்ளைச் சட்டையாவது பிடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருப்பேன். இன்று பக்கத்தில் இறங்கிய ஒரு அக்காவிடம் கன்னடத்தில் சொன்னேன்: எனக்கு இருட்டில் கண் தெரியாது, எங்கள் சந்து வரைக்கும் கொஞ்சம் கூட வருகிறீர்களா?

முழங்கையைக் கொடுத்தார். வழியெல்லாம் தன் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே வந்தார். வாசலுக்கு வருவதற்குள் அந்த நாத்தனார் மேல் எனக்கே கோபம் வந்துவிட்டது.

மாமாவிடம் கேட்டேன், எந்த பஸ் எந்த வழியில் எப்போது போக வேண்டும் என்று யார் முடிவு செய்வது? அதற்கென்று ஆபீஸில் ஒருவர் இருக்கிறாராம். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதாம். ஆனால் எல்லா டிரைவரும் அவருக்குப் பயப்படுவார்களாம்.

யோசிக்க வேண்டிய விஷயம்.

22 ஜூன், ஞாயிறு

மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். இன்னும் சில நாளில் ஆஷாடம் பிறந்துவிடும், பிறகு நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்று அம்மாவுக்கு அவசரம். கொள்ளேகால் பக்கம், தமிழ்க் குடும்பம். பெண் பெயர் வினிதா. நர்சிங் படித்தவள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. காப்பி வந்தது, காராபூந்தி வந்தது. பெண்ணின் அப்பா என் அம்மாவைப் பார்த்து ஆசையாகச் சொன்னார், "விசாரிச்சுப் பாத்தமுங்க. உங்க மாமனார் வழியில நமக்குத் தூரத்துச் சொந்தம் வருதுங்க. நான் உங்களுக்கு மாமன் முறையே ஆவோணும்."

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி குடித்திருந்தாள்.

"சொந்தமா?"

"ஆமாங்க. அன்னியமே இல்லீங்க."

"சீனு, எந்திரி. போலாம்."

அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் சொந்தம் என்று சொன்னதற்காக யாரும் எழுந்து போனதில்லை. அப்பா செருப்பைத் தேடினார். அம்மா வாசலில் நின்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், குரலை இறக்காமல் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. என்ற மகளுக்கு ராத்திரியில கண்ணு தெரியாது. நாங்க சொந்தத்துலயே கட்டிக் கட்டி வந்துது. எங்க ஊட்டுல இனிமே சொந்தத்துல பண்றதில்லை. உங்க புள்ளையையும் சொந்தத்துல குடுக்காதீங்க."

அம்மா வெளியாள் ஒருவரிடம் இதைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அம்மை இல்லை, வேப்பிலை இல்லை.

தெருமுனை வந்ததும் நான் சொன்னேன், "அம்மா, அது ரொம்ப தூரத்துச் சொந்தம். அவ்வளவு தூரம்னா பரவாயில்லையாட்ட இருக்குது. டாக்டரைக் கேட்டுப் பாக்கலாம்."

மாமா சட்டென்று நின்றார். "ஆமாக்கா, கேட்டுப் பாக்கலாம். பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"பேசாம நடடா," என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "டாக்டரு திங்கக்கிழமை இருப்பாங்களா?"